அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதினாயே

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. எப்போதும் வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறவன், இந்த முறை என் பெயரை மட்டும் போட்டு, நான் வேலை செய்யும் பீங்கான் பாக்டரி விலாசத்துக்கு அனுப்பியிருந்தாய். உடம்புக்கு ஏதோ வந்திருக்கிறது, உன் அம்மாவும் வசந்தாவும் பயந்துவிடுவார்கள் என்று மறைக்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். சூளைக் கொட்டகைக்குப் பின்னால் குழாயடிக்குப் போய், நின்றபடியே பிரித்துப் படித்தேன். உனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உன் பெண்டாட்டி வசந்தா இங்கே டைப் கிளாசில் சேர்ந்திருக்கிறாள், அவள் உனக்கு எழுதும் கடிதங்களில் அந்த டைப் வாத்தியாரைப் பற்றிய பேச்சு அதிகமாக வருகிறது, ஆகையால் அவள் எத்தனை மணிக்குப் போகிறாள், எத்தனை மணிக்கு வருகிறாள், யாரோடு வருகிறாள் என்று நான் பார்த்து பம்பாய்க்கு எழுத வேண்டும். கடைசி வரி, 'அவளுக்குத் தெரிய வேண்டாம்.'

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அது உன் வரி இல்லையப்பா, என் வரி. நீ எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது குஜராத்திலிருந்து நான் உனக்கு எழுதிய கடிதத்தின் கடைசி வரி. 'அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.' அது உனக்கு நினைவிருந்து எழுதினாயா, நினைவில்லாமலே உன் கை எழுதிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. நினைவில்லாமல் எழுதினாய் என்றால் அது இன்னும் மோசம். 'முடியாது' என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டிருக்கலாம். அப்படிச் சொல்ல உங்களுக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. அதனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். நீ பார்த்தது பாதி. உன் அம்மாவுக்குத் தெரிந்தது முக்கால். முழுவதும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

எனக்கும் உன் அம்மாவுக்கும் கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. சண்டை கிடையாது, அடி கிடையாது, குடி கிடையாது. நல்ல ஜோடி என்றுதான் தெருவில் சொன்னார்கள். ஆனால் நாங்கள் பேசிக்கொண்டது என்ன என்று யோசித்துப் பார்த்தால், அரிசி தீர்ந்துபோச்சு, பையனுக்குக் காய்ச்சல், உப்பு போதுமா, போதும். அவ்வளவுதான். சூளை பற்றவைத்தால் இரண்டு நாள், மூன்று நாள் நெருப்பை விட்டு நகர முடியாது. வீட்டுக்கு வந்தால் குளித்துச் சாப்பிட்டுத் தூங்குவேன். ஆரம்ப காலத்தில் நான் சாப்பிடும்போது அவள் எதிரில் உட்கார்ந்து ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். பிறகு தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட ஆரம்பித்தாள். என்றைக்கு உட்கார்வதை நிறுத்தினாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மணிமுத்தாற்றில் தண்ணீர் வற்றுவதை யாராவது நின்று பார்க்கிறார்களா? ஒரு நாள் பாலத்தின் மேல் போகும்போது பார்த்தால் மணலாகக் கிடக்கும்.

இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பள்ளிக்கூடமெல்லாம் மூடிக் கிடந்ததே, அதற்கு அடுத்த வருஷம் எங்கள் முதலாளி எண்ணெயில் எரியும் புதுச் சூளை ஒன்று கட்ட நினைத்தார். எங்களுக்குக் கரிச் சூளைதான் பழக்கம். குஜராத் பக்கத்தில் ஒரு பீங்கான் ஊருக்குப் போய் ஒன்றரை வருஷம் இருந்து வேலை பழகி வர ஒரு ஆள் வேண்டும் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் போகிறேன் என்றேன். உன் அம்மாவிடம் அதை நான் கேட்கவில்லை, சொன்னேன். அவள் முறத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "எப்ப வருவீங்க?" என்றாள். "போனாத்தான் தெரியும்" என்றேன். ஜங்ஷனில் நீ அழுதாய். அவள் உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி நகர்ந்ததும் எனக்கு உடம்பே லேசானது போலிருந்தது. துக்கமாக இருந்தது என்று உங்களுக்கெல்லாம் எழுதினேனே, அது பொய். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த ஊரில் எங்களைப் போல வெளியூர் ஆட்களுக்குச் சமைத்துப் போடுகிற ஒரு பெண் இருந்தாள். புருஷன் இல்லாதவள். முதலில் நாங்கள் ஆறு பேர் அவள் வீட்டில் சாப்பிட்டோம். பருப்பில் வெல்லம் போட்டிருப்பார்கள், எனக்கு வாயில் வைக்க முடியாது. அதைப் பற்றித்தான் ஊருக்கு எழுதும் கடிதத்திலெல்லாம் புலம்புவேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் குஜராத்தி தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்த கொஞ்சம் இந்தியில் பேசிக்கொள்வோம். அந்த அரைகுறைப் பேச்சில் நான் என் சின்ன வயசுக் கதை, என் அப்பா என்னை அடித்த கதை எல்லாம் சொன்னேன். பதினாலு வருஷத்தில் உன் அம்மாவிடம் சொல்லாத கதைகள். மழைக்காலத்தில் எனக்கு விஷக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். அவள்தான் கஞ்சி வைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரம் இல்லாத நேரத்திலும் அந்த வீட்டுப் படி ஏறினேன். நாலைந்து மாதம் ஏறினேன். இதற்கு மேல் ஒரு தகப்பன் மகனுக்கு எழுதக் கூடாது. இதற்குக் குறைவாக எழுதினால் அது பொய்.

அதே சமயத்தில்தான் உன் அம்மாவின் கடிதங்கள் மாறின. அதுவரைக்கும் அரைப் பக்கம் எழுதுவாள். நலம், நலமறிய ஆவல், பையன் நன்றாகப் படிக்கிறான். ஒரு கடிதத்தில், 'உங்க பாக்டரில பொம்மைக்குக் கலர் அடிக்கிற செக்‌ஷன்ல பொம்பளை ஆளுங்க எடுக்கிறாங்க. நானும் போறேன். பையன் ஸ்கூலு விட்டு வந்தா சாவி பக்கத்து வூட்ல இருக்குது' என்று இருந்தது. போறேன் என்று எழுதியிருந்தாளே தவிர, போகட்டுமா என்று கேட்கவில்லை. நான் அவளிடம் எப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பினேனோ அப்படியே. அதற்கடுத்து வந்த இன்லண்ட் கடிதங்களில் ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுத ஆரம்பித்தாள். செக்‌ஷனுக்கு சபாபதி என்று ஒரு மாஸ்டர், பண்ருட்டிக்காரர், பரம்பரையாகப் பொம்மை செய்கிற குடும்பம். தூரிகை பிடிக்க மாஸ்டர் சொல்லிக் கொடுத்தார். கண் எழுதுவதுதான் கஷ்டம் என்று மாஸ்டர் சொன்னார். 'நீலப் பொடி கலக்கும்போது சாம்பலாத்தான் இருக்குது. நான் கொஞ்சம் வேற மாதிரி கலந்தேன். சூளையில வெந்து வந்தா, மழைக்கு முன்னாடி வானம் இருக்குமே, அந்த நீலம். மாஸ்டர் நாலு பேரக் கூப்பிட்டுக் காட்டினாரு.'

வேறொருவன் என்றால் இதைப் படித்து மகிழ்ந்திருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த ஒரு கடிதத்தில் 'மாஸ்டர்' என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனேன். பதினொன்று. என் பெயர் மேலே விலாசத்தில் மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு வயிற்றில் பிடித்த நெருப்பை என்னால் உனக்கு எழுத்தில் சொல்ல முடியாது. சூளைக்காரன் நான், நெருப்பை எங்கே அடக்க வேண்டும், எங்கே ஏற்ற வேண்டும் என்று தெரிந்தவன், இதை மட்டும் அடக்கத் தெரியவில்லை. நான் செய்துகொண்டிருந்ததை அவளும் செய்கிறாள் என்று என் மனசு முடிவு கட்டிவிட்டது. யோக்கியனாக இருந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் அந்த முடிவுக்கு வந்திருக்க மாட்டேன். திருட்டுக் கையுள்ளவன்தான் வீட்டுக்கு இரண்டு பூட்டுப் போடுவான்.

அப்போதுதான் உனக்கு எழுதினேன். வீட்டுக்கு எழுதினால் அவள் பார்த்துவிடுவாள் என்று, உன் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் நோட்டுப் புத்தகம் விற்கும் கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர், அவர் விலாசத்துக்கு எழுதினேன். 'அம்மா வேலையிலிருந்து எத்தனை மணிக்கு வருகிறது, யாருடன் வருகிறது, பார்த்து எழுது. வரும்போது மசிப் பேனா வாங்கி வருகிறேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.' நீ கெட்டிக்காரன். கோடு போட்ட தாளில், பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதுவது போலத் தேதி போட்டு எழுதினாய். 'திங்கள், அஞ்சே முக்காலுக்கு வந்துது. மாஸ்டரு சைக்கிள தள்ளிக்கிட்டு முக்கு வரைக்கும் கூட வந்தாரு. புதன், ஆறு மணிக்கு வந்துது. மாஸ்டரு எனக்கு ஒரு பீங்கான் கிளி குடுத்தாரு. வெள்ளி, அம்மா சிரிச்சுது.'

அந்த மூன்றாவது வரிதான் என்னைக் கொன்றது. அவள் கடைசியாக என் எதிரில் எப்போது சிரித்தாள் என்று யோசித்தேன். கிடைக்கவில்லை. இன்னொரு ஆள் என் சொத்தைத் தொட்டுவிட்டான் என்கிற கோபம் ஒரு பக்கம். அவளிடம் அப்படி ஒரு சிரிப்பு இருந்ததே எனக்குத் தெரியாதே என்கிற ஆத்திரம் இன்னொரு பக்கம். குஜராத்துக்காரி வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் இதே நினைப்புத்தான். ஒரு நாள் அவளே சொல்லிவிட்டாள், உங்கள் உடம்புதான் இங்கே வந்து உட்காருகிறது, மனசு ஊரில் இருக்கிறது, கிளம்பிப் போங்கள் என்று. அவள் முகத்திலும் பொறாமை இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுந்து வந்தேன்.

தவணை முடிய நாலு மாதம் இருக்கும்போதே, தந்தி கொடுக்காமல் வந்து இறங்கினேன். ஜங்ஷனுக்கு எதிரில் சைக்கிள் கடையில் பெட்டியை வைத்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே பாக்டரி கேட்டுக்கு எதிரில் இருக்கும் டீக்கடைக்குப் போனேன். சாயங்காலம் ஐந்தரைக்குப் பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவர்களில் உன் அம்மாவை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். முழங்கையில் நீலம் ஒட்டியிருந்தது. அழகாக இருந்தாள், தம்பி. நான் இல்லாத இடத்தில் இவள் எப்படி அழகாகலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. பின்னாலேயே ஒல்லியாக ஒரு ஆள், காதோரம் நரைத்தவர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் ஏதோ சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தெரு முக்கில் அவர் ஒரு பக்கம் ஏறிப் போனார், இவள் ஒரு பக்கம் நடந்து போனாள். நான் பார்த்தது அவ்வளவுதான். பார்க்காததையெல்லாம்தான் வீடு வரைக்கும் பார்த்துக்கொண்டே போனேன்.

வாசலில் என்னைப் பார்த்ததும் அவள், "வாங்க, ஒரு கடுதாசி போடக் கூடாதா?" என்று தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினாள். செம்போடு திரும்பி வருவதற்குள் நான் சட்டைப் பையிலிருந்து உன் கடிதக் கட்டை வெளியே எடுத்துவிட்டேன். தண்ணீரை வாங்கவில்லை. படிக்க ஆரம்பித்தேன். திங்கள், அஞ்சே முக்கால். புதன், ஆறு மணி. கிளி பொம்மை. சிரிச்சுது. அவளுக்கு முதலில் என்னவென்றே விளங்கவில்லை. எந்தப் பாவி எழுதினது என்பது போலத் தாளை எட்டிப் பார்த்தாள். எழுத்தைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்தாள். நீ அப்போது குழாயடியிலிருந்து குடத்தோடு உள்ளே வந்தாய். அவள் என்னைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தாள். "நீயா கண்ணு எழுதின?" என்றாள். சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால்கூட நீ நின்றிருப்பாய். குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாய்.

அதன் பிறகு நடந்தது உன் காலிலேயே இருக்கிறது. பாக்டரிக்குப் பின்னால் உடைந்த பீங்கானைக் கொட்டுகிற மேட்டில் ஏறி விழுந்து, உள்ளங்காலைக் கிழித்துக்கொண்டாய். அந்த மேட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில்தான் சபாபதி மாஸ்டர் தங்கியிருந்தார். உன்னைத் தூக்கித் தன் துண்டால் காலைக் கட்டி, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எங்களுக்கு ஆள் அனுப்பினார். நாங்கள் போனபோது பெஞ்சிலிருந்து எழுந்து, "வாங்க. பயப்பட ஒண்ணுமில்ல, ஆறு தையல்" என்றார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் துண்டில் என் பிள்ளையின் ரத்தம். அதற்கும் பொறாமைப்பட்டேன். என் பிள்ளை ரத்தம் என் துணியில் அல்லவா பட்டிருக்க வேண்டும் என்று.

அவர் போன பிறகு அந்த பெஞ்சில் நானும் உன் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். அவள்தான் பேசினாள். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஒரு சொல் மறக்கவில்லை.

"கேளுங்க, சொல்றேன். அவரப் புடிச்சுது எனக்கு. நான் கலந்த நீலத்தப் பாத்து, இது எப்படிம்மா வந்துதுன்னு கேட்டாரு. பதினாலு வருசத்துல நீங்க எங்கிட்ட கேட்டது உப்பும் தண்ணியும்தான்."

"அவ்வளவுதானா?"

"ஒரு தடவ ஸ்ரீமுஷ்ணம் தேருக்குப் போலாம், வரீங்களான்னாரு. புடவையெல்லாம் எடுத்து வெச்சுட்டேன். அப்புறம் போவல."

"ஏன் போவல?"

"போனா திரும்பி வர மனசு வருமோ வராதோன்னு பயமா இருந்துது. அதான் போவல. போதுமா?"

நான் பெஞ்சின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவளே, "நீங்க அங்க எப்படி இருந்தீங்கன்னு நான் கேக்கல. சொல்லவும் வேணாம். பருப்புல வெல்லம் போடுறாளுங்கன்னு ஒம்பது மாசம் எழுதுனீங்க. அப்புறம் அஞ்சு மாசமா சாப்பாட்டப் பத்தி ஒரு குறையும் இல்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு" என்றாள். நான் குஜராத்தில் உட்கார்ந்து அவள் கடிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, அவளும் இங்கே என் கடிதத்தை அப்படித்தான் படித்திருக்கிறாள். அதே நெருப்பு அவள் வயிற்றிலும் இருந்திருக்கிறது. ஒரு வித்தியாசம், என்னை வேவு பார்க்கச் சொல்லி அவள் யாரையும் அனுப்பவில்லை.

இந்த இடத்தோடு எனக்குப் புத்தி வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. பதினைந்து நாள் கழித்து முதலாளியிடம் போனேன். பெரிதாக எதுவும் சொல்லவில்லை. "பொம்பளைங்க வேல செய்ற எடம், மாஸ்டரக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னேன். முதலாளிக்கு ஊர் வாய்க்குப் பயம். அந்த வாரமே மாஸ்டரைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். என் பிள்ளையைச் சுமந்துகொண்டு போன மனுஷன். யார் சொல்லி இது நடந்தது என்று செக்‌ஷனில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உன் அம்மா காதுக்கும் வந்தது. உன் புத்தகப் பையையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு கம்மாபுரத்தில் உன் மாமா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அங்கே நீங்கள் ஐந்து மாதம் இருந்தீர்கள். அவள் வேலைக்குப் போனதும் அத்தோடு நின்றது. அரிசிக்கு ஊரே அலைந்த காலம் அது. நான் ஒண்டியாகப் பொங்கித் தின்றுகொண்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் கம்மாபுரத்துக்கு வருவேன். உன் மாமா நாற்காலியைப் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவார். உன் அம்மா சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். நீ நொண்டிக்கொண்டே தூணுக்குப் பின்னால் நின்று பார்ப்பாய், கிட்டே வரமாட்டாய். உள்ளே அவள் உன் அத்தையோடு பேசுகிற சத்தம் கேட்கும். உன் அத்தை மேல் பொறாமை. உன் அம்மா கழுநீர் காட்டுகிற மாடு மேல்கூடப் பொறாமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் உள்ளே பார்த்து, "நான் செஞ்சது தப்புத்தான், வா" என்றேன். அவள் கதவு வரைக்கும் வந்தாள். "எங்கிட்ட சொல்லி என்னா ஆவப் போவுது? வேல போனது எனக்கா? அவருகிட்ட போயி சொல்லுங்க" என்றாள்.

பண்ருட்டிக்குப் போனேன். மாஸ்டர் தெருவோரத்தில் ஒரு சின்னக் கொட்டகையில் உட்கார்ந்து பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன், "உங்க வேலைய நான்தான் கெடுத்தேன். மன்னிச்சுக்குங்க." கையில் இருந்த பொம்மையின் இரண்டாவது கண்ணையும் முடித்துவிட்டுத்தான் அவர் நிமிர்ந்தார். "தெரியும். மன்னிப்பு இப்ப எங்கிட்ட இல்லீங்க. போயிட்டு வாங்க" என்றார். அவர் தலைக்கு மேலே பலகையில் ஒரு ஜாடி இருந்தது. மழைக்கு முன்னால் வானம் இருக்குமே, அந்த நீலம். உன் அம்மா கலந்தது. ஊரை விட்டுப் போகும்போது அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில், அதைக் கேட்ட வாய் மூடுவதற்குள், அந்த ஜாடியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாமா என்று எனக்கு வெறி வந்தது. உடைக்கவில்லை. கையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

மறுநாள் முதலாளியிடமும், பிறகு செக்‌ஷனில் பெண்கள் எல்லோர் எதிரிலும், நான் சொன்னதில் உண்மை கிடையாது, வயிற்றெரிச்சலில் சொன்னேன் என்று சொன்னேன். பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று ஆண்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அதைக் கம்மாபுரத்தில் போய் அவளிடம் சொன்னேன். ஒரு வாரம் கழித்து உன்னை அழைத்துக்கொண்டு, நான் கூப்பிடாமலே, தானே வந்தாள். பெட்டியை உள்ளே வைப்பதற்கு முன்னால் வாசலில் நின்று சொன்னாள். "நான் வேலைக்குப் போவேன். உங்களுக்கு எம்மேல சந்தேகம் வந்தா என்னையே கேளுங்க. அசிங்கமா இருந்தாலும் நேரா கேளுங்க. ஊரக் கேக்காதீங்க. புள்ளையக் கேக்காதீங்க."

அன்றிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. அது போகாது. இப்போது அந்த செக்‌ஷனுக்கே அவள்தான் பொறுப்பு, அவளுக்குக் கீழே எட்டுப் பெண்கள் என்பது உனக்குத் தெரியும். போன மாதம்கூடப் புதிதாக வந்த மேனேஜரோடு கேட்டில் நின்று ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும், "அந்த ஆளுகிட்ட இன்னா அவ்ளோ நேரம் பேச்சு?" என்றேன். "கலர் டப்பா இன்னும் வரல, அதான். உங்களுக்கு அம்பது வயசு ஆவுது, ஞாபகம் இருக்குதா?" என்றாள். கேட்கும்போது வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் கேட்டால் பதில் கிடைக்கிறது. பதில் கிடைத்தால் அன்றைய சோறு இறங்குகிறது. கேட்காமல் வேவு பார்த்துக்கொண்டிருந்தேனே, குஜராத்தில் அந்தக் கடைசி மாதங்களில் எனக்கு ஒரு கவளமும் ஒழுங்காக இறங்கியதில்லை.

ஆகவே நான் வசந்தாவைப் பார்த்து உனக்கு எழுத மாட்டேன். அவள் நல்லவள், சந்தேகமே வேண்டாம் என்றும் நான் எழுதப் போவதில்லை. அப்படி எழுதினாலும் அது வேவு பார்த்துச் சொன்னது போலத்தான். அவள் டைப் வாத்தியாரைப் பற்றி எழுதுகிறாள் என்றால், அவள் டைப் அடிப்பதைப் பற்றி நீ எப்போதாவது கேட்டாயா என்று யோசி. எத்தனை வார்த்தை அடிக்கிறாய், விரல் வலிக்கிறதா, எந்த எழுத்தில் தப்பு வருகிறது என்று கேள். உன் வயிறு எரிகிறது என்றால் அதையும் அவளுக்கே எழுது, அவள் பெயர் போட்டு, வீட்டு விலாசத்துக்கு எழுது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இரண்டு வருஷம் நீ பம்பாயில், அவள் இங்கே. வீடு கிடைத்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாய். வீடு நிஜமாகவே கிடைக்கவில்லையா, ரயில் ஏறியதும் நான் லேசானேனே, அப்படி நீயும் ஆகிவிட்டாயா? இதையும் உன்னையே நேராகக் கேட்கிறேன். எனக்குப் பதில் எழுத வேண்டாம். உனக்கு நீயே சொல்லிக்கொள்.

இன்னொன்று. பதிமூன்று வயதுப் பிள்ளை கையில் நான் கொடுக்கக் கூடாத வேலையைக் கொடுத்தேன். உன் தாயை நீயே காட்டிக்கொடுக்கும்படி செய்தேன். அதற்காக இத்தனை வருஷத்தில் உன்னிடம் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. பண்ருட்டி வரைக்கும் போனவன், பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த உன்னிடம் வரவில்லை. இப்போது கேட்கிறேன். மாஸ்டரைப் போல நீயும் மன்னிப்பு இல்லை என்று சொன்னால் அதையும் வாங்கிக்கொள்கிறேன்.

இதுவரைக்கும் எழுதி முடித்துவிட்டு, தபாலில் போடுவதற்கு முன்னால் உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். வசந்தா கிளாசுக்குப் போயிருந்த நேரம். உன் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை, என்ன எழுதியிருந்தாய் என்று இதைப் படித்தே தெரிந்துகொண்டாள். சமையலறை வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாக, அவசரமில்லாமல் படித்தாள். குஜராத்தைப் பற்றி எழுதிய தாளை மட்டும் இரண்டு தடவை படித்தாள். எல்லாவற்றையும் அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, தேங்காய் துருவ உட்கார்ந்தாள். பாதி மூடி துருவியதும் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அவ பேரு என்னா?"

பன்னிரண்டு வருஷமாகக் கேட்காதவள். சொன்னேன்.

"அழகா இருப்பாளா?"

பொய் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் நேராகக் கேட்டால் நேராகச் சொல்ல வேண்டும் என்று வாசலில் நின்று அவள் போட்ட சட்டம் எனக்கும் சேர்த்துத்தானே? "இருப்பா" என்றேன்.

அவள் துருவிய தேங்காயை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள். அன்று சாயங்காலத்திலிருந்து என்னோடு பேச்சு இல்லை, இன்றோடு இரண்டு நாள் ஆகிறது. தட்டை வைத்துவிட்டு உள்ளே போகிறாள். ஆனால் இந்த முறை அதை நான் கவனிக்கிறேன். நேற்று தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே அடுப்படிக்குப் போய், அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுந்து போகவில்லை.

உன் அப்பா